வரைந்து முடித்தால்தான் மிட்டாய்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் பால்கனியில் உட்கார்ந்து காலையிலிருந்து மூன்று மிட்டாய்களை வரைந்துகொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள். ரிட்டயர் ஆனவர்கள் கோயிலைச் சுற்றுகிறார்கள், நான் ஆரஞ்சு சுளை மிட்டாயைச் சுற்றுகிறேன். இன்றைக்கு ஒரு காரணமும் உண்டு. செல்வியின் நம்பர் நேற்றுத்தான் கிடைத்தது. இத்தனை வருஷம் கழித்து வெறுமனே "நல்லா இருக்கியா" என்று அனுப்ப மனசு வரவில்லை. மிட்டாயைப் பார்த்தால் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடாதா!

காகிதத்தைப் பிரித்ததும் வந்த எசென்ஸ் வாசனை என்னை நேரே அந்தக் காலத்துத் திருச்சி பாலக்கரைக்குக் கொண்டுபோய்விட்டது. நானும் வையம்பட்டியிலிருந்து வந்த செல்வியும் அங்கே ஒரு லாரி ஆபீசில் டைப் அடித்தோம். நாங்கள் சேர்ந்து தங்கியது மாடியில் ஒரே அறை, தகரக் கூரை. வெயிலா அது, அப்பப்பா! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிட்டாய்களைத் தட்டில் அடுக்கி, எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்குள் வைப்போம். அதைப் பார்த்து நான் வரைகிற படம் தீப்பெட்டி அளவுதான். ஃபேன் போடக்கூடாது, பேப்பர் பறக்கும். வரைந்து முடிக்கிறவரை மிட்டாயைத் தொடக்கூடாது. சட்டம் போட்டவள் நான். எதிரே கவிழ்ந்து படுத்துக்கொண்டு செல்வி காவல்.

"முடிச்சிட்டியாடி? உருகுது பாரு."

"பச்சை இன்னும் சரியா வரலடி."

"பச்சை பச்சையாத்தான் இருக்கு. நீ வேணும்னே இழுக்கற."

இழுத்தேன்தான். மிட்டாய் தீர்ந்தால் அவள் தூங்கிவிடுவாள். அவள் தூங்கினால் எனக்கு வீட்டு ஞாபகம் வந்து அழுகை முட்டும். சர்க்கரைமேல் வெயில் மினுமினுக்க, அரைத் தூக்கத்தில் அவள் என்னென்னவோ பேசுவாள். சோளக்காடு, அண்ணன் போட்ட சண்டை, கட்டிக்கப்போகிறவனுக்கு மீசை வேண்டுமா வேண்டாமா. எனக்கும் பாதித் தூக்கம், பிரஷ் மட்டும் தன்பாட்டுக்குப் போகும். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கப்புறம் இருந்ததே இல்லை. அவளுக்குக் கல்யாணமானதும் அறையைக் காலி செய்தோம். அந்த மாடியையும் இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே செல்போன் கடை.

சாயங்காலம் படம் காய்ந்தது. போட்டோ எடுத்து, கீழே என் பேரை மட்டும் போட்டு அனுப்பினேன். உடனே பதில் வந்துவிட்டது.

"அடியே, எப்படிடி இருக்க? படம் சூப்பர்! நீ வரைவியா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

வரைந்து முடித்த மிட்டாய்களில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அப்புறம், "இப்பத்தான்டி கத்துக்கறேன்" என்று அனுப்பினேன்.