இருபத்திரண்டு பவுண்டு காற்று

ஹால்வர் ஸ்டென்ஸ்ருட் நாற்பது வருஷமாகத் தன் பிக்கப்புக்கு ஒரே ரகம்தான் போட்டார்: கல்லும் சேறும் தாங்குகிற பத்து அடுக்கு டயர். அவர் பண்ணையிலிருந்து தார்ச்சாலைக்குப் பதினெட்டு மைல் உடைகல் பாதை. மொன்டானாவின் அந்தப் பக்கம் மெல்லிய டயரோடு போகிறவன் நடந்துதான் திரும்புவான். மாடு வாங்கும்போது மணிக்கணக்கில் சுற்றிச்சுற்றிப் பார்ப்பவர், டயருக்கு ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

அந்தச் செப்டம்பரில் எங்கள் டயர் கடைக்கு வந்தவர், ஒவ்வொரு டயரின் பக்கவாட்டையும் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே நடந்தார்.

"இருக்கறதுலயே மெத்துனு எது?"

முதலாளி மெர்ல் சிரித்தார். "என்னய்யா, உக்கார்ற எடம் வலிக்குதா? அது டவுன்காரன் போடறது. உன் ரோட்டுல ஒரே வாரத்துல கிழிச்சுக்கிட்டு நிப்பே."

"நிக்கறேன். ரெண்டு ஸ்டெப்னியும் சேத்துக் குடு."

அடுத்த வாரம்தான் காரணம் தெரிந்தது. அவர் மனைவி லோர்னாவுக்கு முதுகெலும்பில் புற்று. செவ்வாய்தோறும் பில்லிங்ஸ் ஆஸ்பத்திரி. வண்டி குலுங்கினால் உயிர் போகும் வலி.

போகிற வழியில் எங்கள் கடையில் காபிக்கு நிறுத்துவார்கள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால் யாரும் கேட்காமலே டயருக்குக் காற்றுப் பார்ப்பேன். நான்கிலும் இருபத்திரண்டு பவுண்டுதான் இருக்கும். கதவோரம் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டில் எழுதியிருந்தபடி முப்பத்தைந்துக்கு ஏற்றுவேன். லோர்னா தலையணைகளுக்கு நடுவிலிருந்து கையசைத்து, "நல்ல பையன்பா நீ" என்பாள்.

ஐந்தாவது செவ்வாய், ஊர் எல்லையில் தானியக் கிடங்குக்குப் பின்னால் ஹால்வர் தன் வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் முட்டிபோட்டிருந்தார். அந்த வழியாகப் போன நான் என் வண்டியை நிறுத்தி ஓடினேன்.

"காத்து எறங்குதா?"

"எறங்கல தம்பி. எறக்குறேன்." ஆணியால் வால்வை அமுக்கிக்கொண்டிருந்தார். "கொறைச்சலா இருந்தாத்தான் அவளுக்குத் தாங்குது."

"அவன்கிட்ட ஏன் சொன்னீங்க?" உள்ளிருந்து லோர்னாவின் குரல். "பாவம், ஆசையா அடிச்சு விடறான்."

ஐந்து வாரம் அவள் முதுகுக்குக் கீழே கல்லாக இறுகும்படி காற்றை ஏற்றியவன் நான். மண்டியிட்டு அடுத்த சக்கரத்தின் வால்வு மூடியைக் கழற்றினேன். பிறகு ஒவ்வொரு செவ்வாயும் காற்று அளவியை மட்டும் வைத்துப் பார்த்து, இருபத்திரண்டு என்று விரலால் காட்டுவேன். அவள் தலையசைப்பாள்.

மார்ச் முதல் வாரம் லோர்னாவைப் புதைத்தார்கள். பதினைந்து நாள் கழித்து ஹால்வர் தனியாக வந்தார்.

"பழைய ரகமே போட்டுடு."

கழற்றிய டயர்களைப் புரட்டினேன். நடுவில் பட்டைகள் புதிதாகவே இருந்தன. இரண்டு ஓரமும் வழுக்கை.

மெர்ல் எட்டிப் பார்த்தார். "அடப்பாவி, காத்தே பாக்க மாட்டியா நீ?"

"மறந்துட்டேன்" என்றார் ஹால்வர்.

மெர்ல் என் பக்கம் திரும்பினார். "நீயாவது பாத்திருக்கலாமில்ல?"

பத்து அடுக்கு டயர்களை மாட்டிக் காற்றுக் குழாயைச் செருகிவிட்டு, எவ்வளவு என்று ஹால்வரைப் பார்த்தேன். அவர் காலியான பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவுல ஒட்டியிருக்கற சீட்டுல என்ன போட்டிருக்கோ, அதையே அடி."