வெறுமையாக விட்ட கட்டம்

ஹிஷாம் என்ன வேலை செய்கிறான் என்று மருதமுனையில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மனைவி சுல்பிகாவின் வீட்டு முன்னறையில் பகல் முழுக்கக் கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பான். கேட்கிறவர்களிடம் மாமியார் "மருமகன் கொம்பியூட்டர் திருத்துறவர்" என்று சொல்லிவைத்ததால், ஊரில் பழுதான பிரிண்டரெல்லாம் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவனும் வாயைத் திறக்காமல் திருத்திக் கொடுத்தான். விளக்கப்போனால் பொழுது போய்விடும்.

அவன் செய்தது வேறு. உலகத்தில் எவரும் சும்மா எடுத்துப் பாவிக்கக்கூடிய ஒரு தரவு நூலகம் இருக்கிறது. புத்தக நூலகம் அல்ல, மற்ற புரோகிராம்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்கிற ஆயத்தமான கோட். அதில் இலட்சம் பேரின் விவரத்தை ஆள் ஆளாக வைப்பதில்லை, கேள்வி கேள்வியாகப் பத்தி பிரித்து வைப்பார்கள். வயதெல்லாம் ஒரு பத்தி, ஊரெல்லாம் ஒரு பத்தி, ஆம் இல்லை என்ற பதிலெல்லாம் ஒரு பத்தி. இரண்டு ஆம்-இல்லைப் பத்திகளைப் பக்கத்தில் வைத்து எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று பார்க்கும் வேலை அதுவரை ஒவ்வொன்றாக நடந்துகொண்டிருந்தது. ஹிஷாம் அறுபத்துநான்கு பதில்களை ஒரே பிடியில் அள்ளி, ஒரே தடவையில் ஒப்பிட வைத்தான். மூன்று மாதம் சோறு தண்ணி மறந்து செய்த வேலை. பதினொரு மடங்கு வேகம் என்று முகம் காணாத மனிதர்கள் பாராட்டி எழுதினார்கள். மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை.

பதில் எழுதாமல் விட்ட இடங்களுக்கு அந்த நூலகத்தில் தனியாக ஒரு குறிப்புப் பட்டி உண்டு. 'இல்லை' என்ற பதிலுக்கும் பத்தியில் சுழியம்தான், பதிலே இல்லாத இடத்திலும் சுழியம்தான். பட்டியைப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். முதலாவது பத்தியில் வெற்றிடம் எதுவும் இல்லையென்றால் குறுக்கு வழியால் போ என்று எழுதியவன், இரண்டாவது பத்தியின் பட்டியையும் பார்க்கச் சொல்ல மறந்துவிட்டான். சோதித்துப் பார்க்க அவன் உண்டாக்கிய பத்திகளில் ஒரு வெற்றிடமும் இருக்கவில்லை. நூலகத்தில் சேர்க்குமுன் அவன் கோடைச் சரிபார்க்க வேண்டிய மூன்று பேரும் வேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். படித்தவர்கள் விடுகிற பிழை இப்படித்தான், சத்தமே இல்லாமல் ஊர்போய்ச் சேரும்.

அந்த வருசக் கடைசியில் வெள்ளம் வந்தது. சாய்ந்தமருதில் அவனுடைய ராத்தா, மூத்த சகோதரி ஜுனைதாவின் வீட்டுப் பின்சுவர் அடியோடு விழுந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு நிவாரண நிறுவனம், உடைந்த வீடுகளைக் கட்டித்தருவதாகச் சொல்லி ஆட்களைப் பதிந்தது. வெள்ளத்துக்கு முந்திய வருசமும் அவர்கள் ஒரு கணக்கெடுப்புச் செய்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே கேள்வி இருந்தது: இந்த வீடு உங்களுடையதா?

இந்தக் கிழக்குக் கரையில் அதைப்போல இடக்கான கேள்வி வேறில்லை. இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் பேசி முடிகிற அன்று, இந்த வீடு மகளுக்கு என்று இரண்டு பக்கத்தாருக்கும் முன்னால் சொல்லியாகிவிட்டால், அதற்குப் பிறகு தாய் அதைத் தன்னுடைய வீடு என்று சொல்லமாட்டாள். உறுதிப் பத்திரத்தை மாற்றி எழுதுவது கலியாணம் நெருங்கும்போதுதான். ஜுனைதாவின் மகள் பாஹிமாவுக்கு மாவடிப்பள்ளியில் மாப்பிள்ளை பேசி முடிந்த கிழமையில்தான் முதலாவது படிவம் வந்தது. ஓம் என்றால் கொடுத்த சொல்லுக்குத் துரோகம், இல்லை என்றால் பொய். அவள் கட்டத்தை வெறுமையாக விட்டாள். கலியாண வயதில் குமர்ப்பெண் வைத்திருந்த எத்தனையோ தாய்மார் அப்படித்தான் விட்டார்கள். வெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்கள் உறுதியில் யார் பெயர் என்று கேட்டதால், என்னுடையதுதான் என்று ஓம் போட்டாள்.

வெறுமைக்கும் ஓமுக்கும் முரண்பாடு கிடையாது. போய் விசாரி என்றுதான் அர்த்தம். ஆனால் நிறுவனம் புதிய பதிவை முதலாவது பத்தியாகவும் பழையதை இரண்டாவதாகவும் வைத்தது; புதியதில் வெற்றிடம் இல்லாததால் ஹிஷாமின் வேகமான கோட் குறுக்கு வழியால் போய், பழையதில் இருந்த வெறுமையை 'இல்லை' என்று வாசித்தது. முன்பு தங்கள் வீடல்ல என்று சொல்லிவிட்டு இப்போது உரிமை கேட்பவர்கள் என்று ஒரு பட்டியல் அச்சாகி, பொது மண்டபத்துப் பலகையில் ஒட்டப்பட்டது. ஏழாவது பெயர் ஜுனைதாவுடையது.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் வாப்பா முகம்மது தம்பி ஆள் அனுப்பினார். தங்களுடையதே அல்லாத வீட்டை எப்படிச் சீதனம் என்று சொன்னீர்கள் என்று கேட்டிருந்தார்.

எழுத்தர் யாரோ விட்ட பிழை என்று நினைத்து, சண்டை பிடிக்கிற வேகத்தில்தான் ஹிஷாம் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். எதைக்கொண்டு ஒப்பிட்டார்கள் என்ற வரியில் தன்னுடைய நூலகத்தின் பெயரைக் கண்டதும் அவன் சண்டையை விட்டு எழுந்தான். வீட்டுக்கு வந்து பத்து நிமிசத்தில் பிழையைப் பிடித்தான். நான்கு வரியில் திருத்தி அனுப்பினான். முகம் காணாதவர்கள் அதற்கும் நன்றி எழுதினார்கள். போய்ச் சொன்னதற்கு நிறுவனமோ, பட்டியல் மேலே போய்விட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றது. அடுத்த வெள்ளத்தைச் சொன்னார்கள் போலிருக்கிறது.

பிறகு ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு மாவடிப்பள்ளிக்குப் போனான். முகம்மது தம்பி தேத்தண்ணி கொடுத்து உபசரித்தார். ஹிஷாம் சுழியத்தையும் பட்டியையும் முக்கால் மணித்தியாலம் விளக்கினான். அவர் ஒரு சொல் குறுக்கிடாமல் கேட்டிருந்தார்.

"தம்பி, பிழ ஒங்கடதெண்டே வெச்சிக்குவம்," என்றார் கடைசியில். "கூடப்பொறந்தவக்காக ஆரும் அப்படிச் சொல்லத்தானே செய்வாங்க. ஊரு வாசிச்சது பலகையில ஒட்டினத்த. இனி இந்தக் கலியாணத்தப்பத்திக் கதைக்க வேணாம்."

திரும்பும்போது ஆட்டோ காரைதீவைத் தாண்டியது. ராத்தா திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று அவனுக்கு இருந்தது. வெட்கத்தில் அவள் பக்கம் திரும்பவே முடியவில்லை.

"எத்தின பேருட பேரு இரிக்கி அந்தப் பலகையில?" என்று ஜுனைதா கேட்டாள்.

"முன்னூத்திப் பதினாறு, ராத்தா."

"எனக்கு நீ தம்பி, வந்து சொன்னாய். மத்தவங்கட ஊட்டுக்கு ஆரு போய்ச் சொல்ற?"

ஆட்டோ வீட்டடியில் நின்றது. போன காரியம் என்னவாயிற்று என்று கேட்கப் பாஹிமா வாசலுக்கு வந்து நின்றாள். ஜுனைதா இறங்கி, மகளின் முகத்தைப் பாராமல் அவளைக் கடந்து உள்ளே போனாள்.

"மொதல்ல இவளுக்குச் சொல்லு," என்றாள் போகிற போக்கில்.