வராதவர்களையும் சேர்த்து

நோரீன் என்ட்விசிலுக்கு மைக் கையில் வந்தது தொலைந்துபோன ஒரு குழந்தையால்தான். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. வார நாட்களில் பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் பரிமாறுவாள். ஹாஸ்விக் டவுன் கால்பந்து அணி சொந்த ஊரில் ஆடும் சனிக்கிழமைகளில் மைதானத்துக் கடையில் இறைச்சி அடைத்த பை பண்டம் விற்பாள். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே ஒலிபெருக்கி படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஒற்றைக் காலில் ஷூவோடு ஒரு சிறுமி கடை முன்னால் வந்து நின்று அழுதாள். நோரீன் கிடுக்கியைக் கீழே வைத்தாள், ஒரு பெட்டியின் மேல் ஏறினாள்.

"சிவப்புக் கோட்டு, ஒத்தை ஷூ, பேரு லின்சி! யார் வீட்டுப் பிள்ளை இது?"

எதிர்ப்பக்கக் கூரையின் கீழிருந்து ஓர் அப்பா பதறி எழுந்தார். ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் ஓடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கே கிளப் செயலாளர் அவளைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார். "உனக்கு இது தேவையே இல்லைம்மா. சும்மா சம்பிரதாயத்துக்குப் பிடிச்சுக்கோ" என்றார்.

அன்று பிடித்ததை இருபத்தொன்பது வருடம் கீழே வைக்கவில்லை. அணியின் பெயர்ப் பட்டியல், கோல் அடித்தவர் பெயர், வழியை மறித்து நிறுத்திய காரின் எண், எல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குத் தெரியும். எழுபதாவது நிமிடம் வாக்கில், பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ராய் ஹேகின் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவார். அன்றைக்கு உள்ளே எத்தனை தலை என்பது அதில் இருக்கும். ஆரம்ப வருடங்களில் ஐயாயிரம், ஆறாயிரம் என்று வரும். நோரீன் ஒவ்வொரு இலக்கத்தையும் தட்டில் வைத்துப் பரிமாறுகிற மாதிரி நிதானமாகச் சொல்லுவாள். பிறகு அது நாலாயிரம் ஆயிற்று, மூவாயிரத்துக்குக் கீழே போயிற்று. எண் சிறுக்கச் சிறுக்க அவள் வாசிப்பும் வேகம் பிடித்தது. கடைசியில் இருமலோடு இருமலாகச் சொல்லி முடித்துவிடும் அளவுக்கு வந்துவிட்டது.

அவள் வீட்டிலேயே ஒரு தலை குறைந்திருந்தது. கணவன் கிளிஃப் இரண்டு வருடமாக மைதானத்துப் பக்கம் வருவதில்லை. கேட்டால் முழங்கால் என்பான். அதே முழங்கால்தான் வாரம் மூன்று நாள் அவனை மலையடிவாரம் வரை நாயோடு கூட்டிக்கொண்டு போய்வந்தது. நோரீன் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

இருபத்தொன்பதாவது வருடம் விற்பனைப் பிரிவுக்கு ஜூலியன் ஸ்டோபர்ட் என்று ஒரு புது மேலாளர் வந்தார். வயது முப்பத்து நாலு. நல்ல பையன், எல்லோருக்கும் கதவைத் திறந்து பிடிப்பார். பனிக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாள், அவள் உட்காரும் கண்ணாடி அறைக்கு வந்து நின்றார்.

"நோரீன், இனிமே ராய் சீட்டு வேண்டாம். எண்ணிக்கையை நானே உங்க ஃபோனுக்கு அனுப்பறேன். அதை வாசிச்சா போதும்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லை. ராய் எண்ணுறது உள்ளே வந்தவங்களை. நான் அனுப்பறது வித்த டிக்கெட். வருஷச் சந்தா, பள்ளிக்கூடங்களுக்குக் குடுத்த இலவசச் சீட்டு எல்லாம் அதுல அடக்கம்."

"அப்ப வராதவங்களையும் சேர்த்துச் சொல்லணும்ங்கறீங்க."

"பொய் இல்லையே. வித்தது வித்ததுதானே? எல்லாக் கிளப்பும் இதைத்தான் பண்ணுது. மைதானத்துப் பலகையில விளம்பரம் போடறவங்க இந்த எண்ணைத்தான் பார்க்கறாங்க. நமக்கு இப்ப அவங்களை விட்டா வேற கதி இல்லை, நோரீன்."

அவர் கெஞ்சலாகத்தான் சொன்னார். அதனால்தான் அவளால் மறுக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஃபோனில் வந்ததை நோரீன் வாசித்தாள்: "இன்று வருகை தந்தவர்கள், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று."

கண்ணெதிரே இருந்தது அதில் பாதிகூட இல்லை. மைதானம் சிரித்தது. கோபமோ கூச்சலோ இல்லை, வாய்விட்டுச் சிரித்தது. எதிரணிக்காக வந்திருந்த நூறு சொச்சம் பேர், ஒருவரையொருவர் விரலால் சுட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று கோரஸாக எண்ண ஆரம்பித்தார்கள். நோரீன் மைக்கை அணைத்தாள்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தவளை வேய்ன் கிரிம்ஷா பிடித்துக்கொண்டான். குழாய் வேலை பார்ப்பவன், நாற்பது தாண்டியவன். சின்ன வயதில் பள்ளிச் சாப்பாட்டறையில் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன், இன்னும் மிஸ் என்றுதான் கூப்பிடுவான்.

"மிஸ், உருளைக்கிழங்கு தீர்ந்துபோச்சுன்னா தீர்ந்துபோச்சுடான்னு முகத்துக்கு நேரா சொல்லுவீங்களே! இப்ப என்ன, காலிச் சட்டியைக் கரண்டியால கிளறிக் காட்டறீங்க?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நோரீனும் சிரித்துவைத்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியது.

வீட்டில் கிளிஃப் தொலைக்காட்சியில் இருநூறு மைல் தள்ளியிருக்கிற ஒரு பணக்கார அணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஊரில் அவன் கால் வைத்ததுகூட இல்லை.

"எத்தனை பேருன்னு சொன்னே?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"ரேடியோவுல போட்டுட்டாங்க. சிரிச்சதையும் சேர்த்து."

நோரீன் கோட்டைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தாள். "கிளிஃப், நிஜத்தைச் சொல்லு. ஏன் வர்றதில்லை நீ? தோத்துக்கிட்டே இருக்கோம்னா?"

"எப்பத்தான் ஜெயிச்சோம்?"

"பின்னே?"

அவன் சத்தத்தைக் குறைத்தான். "வடக்குப் பக்கப் படிக்கட்டை மூடினாங்கல்ல. முப்பது வருஷம் நாங்க எட்டுப் பேரும் ஒரே கம்பியைப் பிடிச்சு நின்னு ஆட்டம் பார்த்த இடம். மூடிட்டு, உட்கார இடம் தர்றோம்னு ஆளுக்கு ஒரு மூலையில நம்பர் போட்டுக் குடுத்தாங்க. எனக்குப் பக்கத்துல ஒரு கோட்டு சூட்டு. ரெஃபரியைத் திட்டினா என்னை ஒரு பார்வை பார்க்கறான். பக்கத்துல எங்க நெவில் இருந்தா, உனக்கு ஃபுட்பாலைப் பத்தி என்னடா தெரியும் கழுதைன்னு கேட்டிருப்பான். அங்க என்னைத் திட்டறதுக்குக்கூட நாதி இல்லை, நோரீன்."

இரண்டு வருடமாகக் கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் படிக்கட்டில் புல் முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். ஆள் குறைந்ததால் மூடினார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். மூடியதால் ஆள் குறைந்திருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த நெவில் டக்வர்த்தைப் பார்த்தாள். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், ஆறடிக்கு மேல் இருப்பார். அவரும் வருவதை நிறுத்தியிருந்தார்.

"எப்படி இருக்கான் அந்தக் கழுதை?" என்று கேட்டார்.

"நீங்களே ஃபோன் பண்ணிக் கேட்கலாமே."

நெவில் வெங்காயத்தைக் கையில் உருட்டினார். "அவன் நம்பர் எங்கிட்ட இல்லையேம்மா. முப்பது வருஷத்துல தேவைப்பட்டதே இல்லை. சனிக்கிழமை அங்க இருப்பான்."

நோரீன் அங்கேயே ஒரு காகிதப் பையின் பின்பக்கத்தில் அவர் நம்பரை எழுதிக்கொண்டாள். அப்புறம் அதுவே வேலையாகிவிட்டது. சாப்பாட்டறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற தாத்தாக்கள், முடிவெட்டும் கடை, மருந்துக்கடை வரிசை என்று வடக்குப் பக்கத்தில் நின்றவர் யார் எதிர்ப்பட்டாலும் ஒரே கேள்வி. திறந்தால் வருவீர்களா? மூன்று வாரத்தில் நூற்றெண்பத்தாறு பெயர் சேர்ந்தது.

அதற்குள் அடுத்த உள்ளூர் ஆட்டம் வந்தது. ஃபோனில் ஜூலியன் அனுப்பியது 2,874. ராயின் அறை படிக்குக் கீழேதான். நோரீன் இறங்கிப்போய்க் கையை நீட்டினாள்.

"சீட்டைக் குடு, ராய்."

"வாசிச்சா உன் சீட்டைக் கிழிச்சிருவாங்க."

"கிழிக்கட்டும்."

"இன்று உள்ளே இருப்பவர்கள்," என்று அவள் மைக்கில் சொன்னாள், பழைய நாட்களின் நிதானத்தோடு, "ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேர். வந்ததற்கு நன்றி."

யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒருவர் கைதட்டினார். அது அப்படியே பரவி மைதானத்தைச் சுற்றி வந்தது. எதிரணி ஆட்கள்கூடத் தட்டினார்கள்.

திங்கட்கிழமை ஜூலியன் அவளைக் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது. "எனக்கு வேற வழியே வைக்கலை நீங்க" என்றார். மைக் போயிற்று. இருபத்தொன்பது வருடத்தை முடிக்க நாலு நிமிடம் பிடித்தது. நோரீன் எழுந்திருக்கவில்லை. கைப்பையிலிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இவங்க எல்லாம் செத்துப்போகலை, ஊரை விட்டுப் போகலை. கிளப் பிரிச்சு உட்காரவெச்சுது, வீட்டுக்குப் போயிட்டாங்க. படிக்கட்டைத் திறங்க."

ஜூலியன் பட்டியலை முழுவதும் படித்தார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் அவள் குறித்திருந்த காரணங்களையும் படித்தார். தானே அதை எடுத்துக்கொண்டு கிளப் முதலாளியிடம் போனார் என்பதை ஊரில் பலர் இன்றும் நம்புவதில்லை. ஆனால் போனார்.

காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற கேரவன் வீடுகள் விற்றுப் பணம் சேர்த்த முதலாளி ஆல்டன், ஒரே ஒரு தடையைச் சொன்னார். திறக்க வேண்டுமானால் பயிற்சி பெற்ற காவல் பணியாளர் மூன்று பேர் அங்கே நிற்க வேண்டும், இருப்பவர்களை வைத்து முடியாது என்றார். ராய் இதை வந்து சொன்னபோது நோரீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பயிற்சிக்கு எத்தனை நாளாகும்?"

"மூணு சனிக்கிழமை. ஏன், நீ வரப்போறியா? அறுபது வயசாச்சு உனக்கு."

"சாப்பாட்டறையில முந்நூறு பிள்ளைங்களை வரிசையில நிறுத்தறவ நான். போய்ப் பேரை எழுது."

வேய்ன் இரண்டாவது ஆள். அவன் மைத்துனி மூன்றாவது.

மார்ச் மாதத்தில் வடக்குப் பக்கக் கதவு திறந்தது. பட்டியலில் இருந்த நூற்றெண்பத்தாறில் வந்தது நூற்று முப்பத்தொன்று. வருவேன் என்று சத்தியம் செய்தவர்களில் சிலர் வரவில்லை, எட்டுப் பேர் கூட்டத்தில் இரண்டு பேர் வரவில்லை. கிளிஃப் வந்தான். நெவில் ஏற்கெனவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"முழங்கால் எப்படிடா இருக்கு?"

"எந்த முழங்கால்?"

"அதானே பார்த்தேன்."

காவல் பணியாளர் கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும், ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. பளீரென்ற மஞ்சள் சட்டையில் நோரீன் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். நாற்பதாவது நிமிடம் முதுகுக்குப் பின்னால் எதுவோ நடந்தது. அவள் பார்த்ததெல்லாம் முகங்கள்தான். எல்லாக் கண்களும் ஒன்றாக இடப்பக்கம் நகர்ந்தன, வாய்கள் திறந்தன, திடீரென்று படிக்கட்டு முழுவதும் எகிறியது. கிளிஃப் நெவிலைக் கட்டிப்பிடித்தான். இரண்டு விநாடியில் இருவருக்கும் வெட்கம் வந்து, ஒருவரையொருவர் தள்ளிவிட்டார்கள்.

"பார்த்தியாடி?" என்று கிளிஃப் கத்தினான்.

"பார்த்தேன்" என்றாள் நோரீன். அது பொய்யில்லை.

அந்த வருடம் ஹாஸ்விக் டவுன் தோற்றுத் தோற்று ஒரு படி கீழான பிரிவுக்கு இறங்கியது. பழைய ஆறாயிரம் திரும்பவில்லை, இனி திரும்பும் என்று யாரும் சொல்வதுமில்லை. கோடையில் ஜூலியன் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தார். ராய் சீட்டையே வாசிக்கலாம், மைக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். நோரீன் யோசிக்க ஒரு நாள் எடுத்துக்கொண்டாள். பிறகு வேய்னின் மைத்துனிக்கு நல்ல குரல் என்று சொல்லி அனுப்பினாள். ஆகஸ்ட்டில் புதுப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு, அரை மணி முன்னதாகவே போய் வடக்குக் கதவைத் திறந்துவைத்தாள்.