வீடு மாறிப் போன ஆள்

ஒரகடத்தில் குடிநீர் விநியோகத்தை ஒப்பந்தம் எடுத்திருந்த தனியார் நிறுவனத்தின் புகார் மையத்தில் அப்போது நான் வேலை பார்த்தேன். பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து, சீருடையோடே ஒரு பெண் வாராவாரம் வருவார். வீட்டுக் குழாயில் வந்த கலங்கல் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவருவார். மேசை நனையாதபடி அதன் அடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வைப்பார். நானும் புகாரைப் பதிவு செய்வேன். மாதக் கடைசியில் மேலாளர் சொன்னபடி, யாரும் போய்ப் பார்க்காமலே, ‘சரிசெய்யப்பட்டது’ என்று முடித்துவிடுவேன்.

ஒருநாள் போனை நீட்டினார். “சரி பண்ணிட்டதா மெசேஜ் வந்துகீதுண்ணா. தண்ணி அப்படியேதான் வருது. உங்க ஆளு வூடு மாறிப் போயிட்டாரா?”

“ஆமாம்மா, மாறிப் போயிட்டாரு” என்றேன்.

“பரவால்லண்ணா. அந்த வூட்லயாவது நல்ல தண்ணி வருதே” என்றார்.

எந்த வீட்டுக்கும் யாரும் போகவில்லை. தலையாட்டிக்கொண்டே புதுப் புகாரைப் பதிவு செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.