பின்னறைப் பெட்டியின் வெற்றிச் செய்திகள்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு ஸ்டூடியோவில் கலியாண ஆல்பங்கள் வடிவமைப்பது என் வேலை. முன்னறையில் விண்டோஸ் கணினிகள். பின்னறையில் லினக்ஸ் போட்ட ஒரு கணினிப் பெட்டி. விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த முதலாளியின் மருமகன் அதைப் பொருத்திவிட்டுப் போயிருந்தான். முன்னறையில் உள்ளதையெல்லாம் அது பின்னேரங்களில் தானாகவே பிரதி எடுத்து, முதலாளியின் போனுக்கு "வெற்றி" என்று செய்தி அனுப்பும். அவர் அதை வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வாசலிலும் காட்டுவதாகக் கேள்வி.

பிரதியை ஒருக்கால் திறந்து பார்ப்போமா என்று கேட்டேன். நன்றாக ஓடுவதை ஏன் கிண்டவேண்டும் என்றார் முதலாளி.

மழைக்காலத்தில், மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரு காலை, முன்னறையின் பிரதான கணினி எழும்பவில்லை. பண்டத்தரிப்பில் நடந்த கலியாணம் ஒன்றின் படங்கள் முழுவதும் அதற்குள். கமராக் கார்டுகளில் ஏற்கெனவே வேறு கலியாணங்கள் ஏறிவிட்டன. முதலாளி பதறவில்லை. பின்னறையில் கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார். கோப்புறைகள் நாள்வாரியாக அழகாக அடுக்கியிருந்தன. ஒன்றைத் திறந்தேன். வெறுமை. அடுத்ததும் அப்படியே.

"உள்ளுக்கை பாருமன்," என்றார்.

"உள்ளுக்கைதான் அண்ணை பாத்துக்கொண்டிருக்கிறன்."

சில மாதங்களுக்கு முன், பாதுகாப்புக்காக, முதலாளி விண்டோஸின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். அதை லினக்ஸுக்கு ஒருவரும் சொல்லவில்லை. உள்ளே போக முடியாத பெட்டி, ஒன்றுமில்லாததைப் பயபக்தியோடு பிரதி எடுத்து வெற்றி அறிவித்துக்கொண்டிருந்தது. மருமகனுக்கு அழைத்தோம், விண்டோஸின் பிழை என்றான். கணினி திருத்த வந்தவர் லினக்ஸின் பிழை என்றார்.

மணப்பெண்ணின் தாய்க்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது: பெண்ணின் சுவிஸிலிருக்கும் தமையனுக்கு, ஆல்பத்துக்குத் தெரிவுசெய்யச் சொல்லி எல்லாப் படங்களையும் அனுப்பியிருந்தோம். முதலாளி அழைத்தார். உங்கள் படங்களை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று அவன் கேட்டானாம். தரம் பார்க்க என்றாராம். அவன் ஒரு படத்தையும் அழித்திருக்கவில்லை. அங்கே வதிவிட விசா இன்னும் கிடைக்காததால் ஊருக்கு வர முடியாதவன்; தங்கச்சியின் கலியாணத்தை அவன் கண்டது அந்தப் படங்களில் மட்டும்தான்.

அவன் திருப்பி அனுப்பிய படங்களை முன்னறையில் ஏற்றி, கடவுச்சொல்லையும் திருத்திய பிறகு, பெட்டியின் பிரதி திறக்கிறதா என்று முதல்முறையாக ஒரு பரிசோதனை வைத்தோம். முதலாளி போதகரையும் அழைத்திருந்தார். சின்ன ஜெபம் முடிய, பெட்டியிலிருந்து கண்ணில் பட்ட ஒரு படத்தைத் திறந்தேன். விருந்தில் யாரோ ஒரு மாமா, வாய் நிறையச் சோற்றோடு, கமராவை முறைத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி எழுந்து நின்று அவரைக் கனநேரம் பார்த்தார்.

"நல்ல வடிவா வந்திருக்கு," என்றார்.