ஊர்ப் புத்தகத்துக்குக் காத்திருந்த கலியாணம்

பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. லொறிச் சத்தத்தில் முதல் தரம் ஒன்றும் விளங்கவில்லை. "மிஸ், வாப்பா மௌத்தாகிட்டாங்க" என்று கோப்ரல் நானாவின் மகள் ஸப்ரினா இரண்டாம் தரம் சொன்னாள். சுபஹு தொழுதுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் பிறகு எழும்பவில்லையாம். அஸர் தொழுகைக்குப் பின் அடக்கமாம். "சரி மகள், வாறன்" என்றேன். அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, தில்லையடிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

கோப்ரல் நானா என்றால் தில்லையடியில் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன், காரணம் கடைசியில் வரும். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பெயர் ரவூப். கற்பிட்டிப் பக்கம் பிறந்து, இருபது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, வடக்கில் மிதிவெடியில் இடக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். தமிழ் பேசுகிறவனுக்குப் பட்டாளத்தில் என்ன வேலை என்று ஒரு பக்கம் முறைத்தார்கள். சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரியாத கோப்ரல் என்று மறுபக்கம் சிரித்தார்கள். அவர் இரண்டு பக்கத்தாருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

நான் முந்தல் பக்கத்துத் தமிழ்ப் பெண். அரசாங்க அலுவலகமொன்றில், ஊனமுற்ற படையினரின் கடிதங்களைத் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் மாற்றி, படிவங்களை நிரப்பி, மேலிடத்துக்கு அனுப்புகிற வேலை. யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் அவர் என் மேசைக்கு வந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கென்று போட்டிருந்த கதிரையைக் காட்டினேன். "அது கால் இல்லாதவங்களுக்கு மிஸ். எனக்கு ஒண்டு மிச்சமிருக்கு" என்று நின்றபடியே பைலை நீட்டினார்.

அந்த மிச்சக் காலிலும் சீனி வருத்தத்தால் ஆறாத புண் வந்திருந்தது. டொக்டர் சொன்னதை அவர் என்னிடம் சொல்லவில்லை. "நான் போயிட்டா ஹாஜராவும் புள்ளையும் அரசாங்கத்துக்கு யாரு மிஸ்? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். பைலைத் திறந்தேன். மனைவி என்ற இடத்தில் கோடு. பிள்ளைகள் என்ற இடத்தில் கோடு. பட்டாளத்துக்கு அவர் கலியாணம் முடிக்காத மனிதர். அப்போது ஸப்ரினாவுக்குப் பதினைந்து வயது.

எப்படி இப்படி ஆனது என்று கேட்டேன். ஹாஜரா குடும்பம் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தது. தில்லையடி முகாமில் கிடுகால் வேய்ந்த பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தது. லெப்பை ஓதினார், இரண்டு சாட்சிகள் இருந்தார்கள், வந்தவர்கள் ஆறு ஆறு பேராகச் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பதிவுக்கு மட்டும் மாமனார் விடவில்லை. "எங்கட புள்ளைட கலியாணம் எங்கட ஊர்ப் புத்தகத்துலதான் ஏறணும். இந்தா, ஆறு மாசத்துல ஊருக்குப் போயிருவோம்" என்றாராம். அந்த ஆறு மாதம் முடியவேயில்லை. மாமனார் புத்தளத்து மண்ணிலேயே அடங்கினார். மரியாதைக்காக மருமகனும் வாய் திறக்காமல் இருந்துவிட்டார். முகாமில் இப்படி எத்தனையோ பேர் ஊர்ப் புத்தகத்துக்குக் காத்திருந்தார்கள்.

ஸப்ரினாவின் பிறப்புச் சான்றிதழையும் காட்டினார். பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்றிருந்தது. அந்தத் தாளை அவர் எப்போதும் நாலாக மடித்துத்தான் வைத்திருப்பார். பிள்ளையின் கண்ணில் படக்கூடாது என்று அலுமாரியின் மேல்தட்டில், தன் பட்டாளத் தொப்பிக்குக் கீழே.

நிக்காஹ் நடந்த திகதியைச் சொன்னால் முஸ்லிம் விவாக வழக்குகளைப் பார்க்கும் காதியிடம் போய்ப் பழைய திகதியிலேயே பதியலாம் என்றார்கள். மாதம் ஞாபகமிருந்தது, நாள் இல்லை. லெப்பை இறந்துவிட்டார். முகாம் பள்ளிவாசலில் கலியாணங்களை எழுதி வைத்த கொப்பி மழையில் போய்விட்டது. உயிரோடிருந்த ஒரே சாட்சி ஹாஜராவின் பெரியப்பா. அவருக்குக் கோழிக்கறி ருசி ஞாபகமிருந்தது, திகதி இல்லை. வெளியே மனு எழுதும் ஒருவர், "ஏதாவது ஒரு திகதியப் போடுங்க நானா, யாரு பாக்கப்போறா" என்றார். கோப்ரல் நானா பேனையை வாங்கி மூடியை மாட்டித் திருப்பிக் கொடுத்தார். "அல்லாஹ் அறிய நடந்த நாள் ஒண்டு இரிக்கி தம்பி. வேற நாள எழுதினா அது வேற யாருடையோ கலியாணம்" என்றார். நாளைத் தேடித் தருகிறேன், அதுவரை பைல் இருக்கட்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாதங்கள் போயின. என் மேசையில் பைல் தூங்கியது. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு, என்னோடு வேலை செய்தவர்கள் சாட்சி. ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, "திகதி தேடி அலைய வேணாம். இண்டைய திகதியில பதிஞ்சிட்டு சான்றிதழக் கொண்டு வாங்க. அவங்களுக்குச் சான்றிதழ்தான் வேணும்" என்றேன். எங்கள் பக்கத்தில் பதிவு நடந்த நாள்தான் கலியாண நாள். நிக்காஹ் என்பது வீட்டுச் சடங்கு, பதிவுதான் சட்டம் என்று நினைத்திருந்தேன். கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை.

அவர் தயங்கினார். "மிஸ்ஸுக்குத் தெரியுமே" என்று கடைசியில் போய்ப் பதிந்து வந்தார். மூன்றாம் மாதம் மேலிடத்துப் பதில் வந்தது. சேவையிலிருந்து விலகிய பின் நடந்த விவாகம், ஆகவே மனைவியை அவரில் தங்கியிருப்பவராகச் சேர்க்க இயலாது. அதை நானே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. பைலில் இருந்த கோடாவது பரவாயில்லை, இப்போது வாசல் அடைத்தாயிற்று. அதைவிடக் கேவலம், ஊர் கதைக்கத் தொடங்கியது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்த வருஷம்தான் தாய் தகப்பன் கலியாணமா என்று ஒரு பெண் ஹாஜராவின் முகத்துக்கு நேரே கேட்டாளாம். ஹாஜரா ஒரு மாதம் கடைத்தெருவுக்குப் போகவில்லை.

இவரை இப்படிப் பதியச் சொன்னது யார் என்று எங்கள் பெரிய அதிகாரி என்னையும் கோப்ரல் நானாவையும் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். என்னைத் தூரத்துக்கு மாற்றும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. வீட்டில் படுக்கையில் அம்மா. நான் வாய் திறக்குமுன் கோப்ரல் நானா, "நான்தான் சேர் அவசரப்பட்டுப் பதிஞ்சிட்டன். மிஸ் வேணாமெண்டுதான் சொன்னா" என்றார். வெளியே வந்ததும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "கால் போன அண்டைக்கி என்னத் தூக்கிட்டு ஓடினவன் பேர் ஊர் கேக்கல்ல. இப்ப நீங்க பைலத் தூக்குங்க மிஸ்" என்றார்.

தூக்கினேன். கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினேன். ஆனால் வழி திறந்தது என் கடிதத்தால் இல்லை. அவரோடு பட்டாளத்திலிருந்த பண்டார என்பவர் சிலாபத்திலிருந்து நண்பரைப் பார்க்க வந்தார். நன்றாகத் தமிழ் பேசுவார். நிக்காஹ்வுக்கு வந்து சஹனில் கைபோட்டுச் சாப்பிட்ட ஒரே சிங்களவர். கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "ரவூப், உனக்குக் காலோட மூளையும் போச்சா? லீவு எடுத்துத்தானே கலியாணம் முடிச்ச நீ? லீவுத் தாள்ல என்ன காரணம் எழுதின?"

கலியாணம் என்றுதான் எழுதியிருந்தார். நிக்காஹ் நாளையும் எழுதியிருந்தார், சான்றிதழைப் பிறகு தருவதாகவும் எழுதியிருந்தார். மேலதிகாரி அனுமதித்துக் கையெழுத்து வைத்திருந்தார். நாங்கள் ஊரெல்லாம் தேடிய நாள் பட்டாளத்தின் பழைய கட்டொன்றிலேயே கிடந்தது. பண்டார அதன் பிரதியை எடுக்க நாலு தரம் கொழும்புக்குப் போனார். காதியின் முன்னே பெரியப்பா சாட்சி சொன்னார், பண்டாரவும் சொன்னார். பழைய திகதிக்குப் பதிவு திருத்தப்பட்டது. இரண்டு வருடம் பிடித்தது. "கடதாசிக்குக் கால் இல்ல மிஸ், நாமதான் சுமக்கணும்" என்று அந்த நாட்களில் அடிக்கடி சொல்வார்.

ஹாஜராவின் பெயரும் ஸப்ரினாவின் பெயரும் ஏறிய கடிதத்தை அவர் வீட்டில் வைத்து வாசித்தேன். ஸப்ரினாவின் புதிய பிறப்புச் சான்றிதழும் கையில் இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற ஹாஜரா, "அந்தக் கேள்விக்கு என்ன போட்டிரிக்கி?" என்று கேட்டாள். "ஆம் என்று போட்டிருக்கு" என்றேன். "இன்னொருக்கா வாசிங்க" என்றாள். வாசித்தேன். கோப்ரல் நானா செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அழைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிக்காஹ் வீடுகளுக்குப் போய், மாப்பிள்ளை பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கும்வரை யாரையும் சஹனில் உட்காரவிட மாட்டார். "ஓதினது அல்லாஹ்வுக்கு, எழுதுறது பொஞ்சாதிக்கு" என்பார். வண்ணாத்திவில்லுவில் ஒரு மாப்பிள்ளை பசியில் அவரோடு சண்டைக்கே வந்தாராம்.

இனி நான் சொன்ன காரணம். ஜனாஸா அன்று பெண்கள் இருந்த அறையில் வயதான பெண் ஒருவர், "நல்ல மனிசன். அவசரம் மட்டும்தான் கூடாத குணம். அவசரப்பட்டுப் பதிஞ்சு ரெண்டு வருஷம் பொஞ்சாதிய அலைய வெச்சாரே" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஹாஜரா என்னைப் பார்த்தாள். அவளுக்கு உண்மை தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அதைத் திருத்தவில்லை. வெட்கம், வேறென்ன.

அவர் அவசரப்பட்டவர் இல்லை. சரியான நாள் கிடைக்கும்வரை காத்திருக்கிறேன் என்றவரைப் போகச் சொன்னது நான். திகதியில் ஒரு நாளைக்கூட மாற்றி எழுத ஒப்பாதவர், எனக்காக அந்தப் பொய்யைச் சாகும்வரை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது யார் பைலோடு வந்தாலும், நிக்காஹ் என்றைக்கு, பதிவு என்றைக்கு என்று இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுக்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்ததில் அதை வைத்துக்கொள்கிறேன். பொய்யை வைத்துக்கொள்ள முடியவில்லை. பிழை என்னுடையது, நானா.