விசில் நின்ற பின்னேரம்

என் மகளின் நெஞ்சுக்குள்ளிருந்து முதன்முதலாக விசில் சத்தம் வந்தபோது, நான் எழுந்துபோய் அடுப்பை அணைக்கப் பார்த்தேன். அடுப்பில் குக்கரே இருக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், பிள்ளை பாயில் உட்கார்ந்து படம் கீறிக்கொண்டிருக்கிறது. விசில் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

அப்போது தர்ஷிக்கு நாலு வயது. அவளுடைய அம்மா சாந்தி வீட்டு வேலைக்குக் குவைத் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அலுவிகாரையில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, இரண்டு அறை வீட்டில் நானும் அவளும் மட்டும். மூச்சு இழுப்பு என்றால் என்ன என்று கேட்கவும் வீட்டில் வேறு ஆள் கிடையாது. நான் என்னையே கேட்டேன். எனக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆஸ்துமா என்றார்கள் (மூச்சுக்குழாய்கள் வீங்கி இறுகிப்போய், காற்று போய்வரச் சிரமப்படும் நோய்). நான் ஒரு ஸ்பைஸ் கார்டனில் கைடாக இருக்கிறேன். வெள்ளைக்காரர்களுக்கு மிளகுக்கொடியையும் கறுவாப்பட்டையையும் காட்டி, அவர்கள் சிரிக்க நாலு பகிடி விட்டு, கடைசியில் கடைக்குள் கூட்டிக்கொண்டுபோய் விடுவதுதான் தொழில். மூச்சு முட்டலுக்கு அங்கே ஒரு தைலம் விற்கிறோம். அதன் அருமை பெருமையை மூன்று பாஷையில் சொல்லுவேன். என் மகளுக்கு அதை ஒரு நாளும் தடவியதில்லை. இதை முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு தடவையாவது அவளுக்கு ஏதாவது வந்தது. சளி, காய்ச்சல், இழுப்பு, திரும்பவும் சளி. கிளினிக்கில் ஒரு பம்ப்பும், அதைப் பொருத்தி மூச்சு இழுக்க ஸ்பேசரும் (மருந்து வாய்க்குள் தங்காமல் நெஞ்சுக்குப் போக உதவும் பிளாஸ்டிக் குடுவை) தந்தார்கள். எப்போது வீட்டில் பார்க்கலாம், எப்போது ஓடிவர வேண்டும் என்றும் விளக்கியிருப்பார்கள். நான் அந்த நேரம் தாதியைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அடிக்கடி நோயாகிற பிள்ளையை வைத்திருக்கும் உங்களுக்கு இந்தக் கேள்வி தெரிந்திருக்கும். இப்போதே போவதா, இன்னும் கொஞ்சம் பார்ப்பதா? வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் பயப்படலாம், மற்றவர் தைரியம் சொல்லலாம். ஒரே ஆள் இரண்டு வேலையையும் பார்த்தால், பயப்படுகிற ஆள் யார், தைரியம் சொல்கிற ஆள் யார் என்று குழம்பிவிடும்.

அதனால் நானாக ஒரு பரிசோதனை கண்டுபிடித்தேன். காய்ச்சல் பார்க்கும் கோலை விட அதை நம்பினேன். பிள்ளைக்கு ஒரு பகிடி விடுவேன். சிரித்தால் வீட்டில் வைத்திருக்கலாம். சிரிக்காவிட்டால் ஆஸ்பத்திரி. தொழிலில் எனக்குப் பழக்கமானது அதுதான். வெயிலில் நடந்து களைத்த சீமாட்டி சிரிக்கிறாளா என்று பார்த்துத்தான் அடுத்த மரத்துக்குக் கூட்டிப்போவேன்.

போன வருடம் நாவல் பழக் காலத்தில் ஒரு நாள், வேலை முடிந்து, அவளை விட்டிருந்த பக்கத்து வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், தர்ஷியின் உதடு நீலம். நாக்கு அதைவிட நீலம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, பாரூக் நானாவின் த்ரீவீலரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவள் ஏதோ சொல்லப் பார்த்தாள். “பேசாத, மூச்சப் பிடிச்சு வை” என்று அதட்டினேன். அங்கே டொக்டர் பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தார். பஞ்சு ஊதா நிறமானது. உதடு பழையபடி ஆனது. தர்ஷி தன் சட்டைப் பையிலிருந்து மிச்சம் இருந்த நாவல் பழங்களை எடுத்து டொக்டரிடம் நீட்டினாள்.

எல்லாரும் சிரித்தார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. “பயந்தா வர்றதுதான் சரி” என்றுகூட அந்த டொக்டர் சொன்னார். அந்த வார்த்தையை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் கதையாக்கினேன். கார்டனில் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். சாந்திக்குப் போனில் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாட்டை விட்டுப் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அதனால் அடுத்த வாரமும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கதையில் வரும் தகப்பன் இன்னும் கொஞ்சம் மடையனாகிக்கொண்டே போனான்.

பிறகு பாரூக் நானா என்னைக் கண்டாலே, “என்ன தம்பி, இன்னைக்கு நாவப்பழமா, பீட்ரூட்டா?” என்று கேட்பார். நான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்க எனக்கு வெட்கம் வந்துவிட்டது. ஒரு பிள்ளையின் உயிர் விஷயத்தில் வெட்கமா என்று கேட்பீர்கள். ஆமாம்.

இந்த வருடம் ஒரு சனிக்கிழமை. முதல் நாள் ராவே இழுப்பு தொடங்கியிருந்ததால் லீவு போட்டிருந்தேன். காலையில் பம்ப் கொடுத்தேன். கொஞ்சம் குறைந்தது. பதினொரு மணிக்குத் திரும்பவும் கொடுத்தேன். அவ்வளவாகக் குறையவில்லை. சோறு வேண்டாம் என்றாள். ஒன்றரைக்குக் கொடுத்ததும் எதுவும் செய்யவில்லை. விசில் அடுத்த அறைவரை கேட்டது.

“தர்ஷி, உள்ள ஸ்டேஷன் மாஸ்டர் யாரும் இருக்காரா? கொடிய காட்டச் சொல்லு, ரயில் போகட்டும்” என்றேன்.

சிரித்தாள். நான் பாத்திரம் கழுவக் குசினிக்குப் போனேன்.

மூன்று மணியளவில் விசில் நின்றது. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. மருந்து இப்போதுதான் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அவள் கட்டிலின் ஓரத்தில், இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு கொஞ்சம் வெளிறி, சாம்பல் பூத்தமாதிரி இருந்தது. எனக்கு முதலில் வந்தது பயம்தான். அதன் பின்னாலேயே பாரூக் நானாவின் முகமும் வந்தது.

“திரும்ப நாவப்பழமா மகள்?” என்று கேட்டேன்.

என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். சத்தம் வரவில்லை. அதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். சிரித்தாளா, சிரித்தாள், சரி என்று என் கணக்கில் போட்டுக்கொண்டேன்.

சாந்திக்கு வேலை வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகுதான் போன் பார்க்க முடியும். அதற்கு முன்னால் நாங்கள் தினமும் ஒரு குரல் பதிவு அனுப்பி வைப்போம். போனை தர்ஷியின் வாயருகில் பிடித்தேன். பேசினாள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் பேசினாள். அனுப்புவதற்கு முன்னால், பின்னால் நாய் குரைத்தது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க, குசினிக்குப் போய்ப் போட்டுக் கேட்டேன்.

“அம்மா.” ஒரு மூச்சு. “நான்.” ஒரு மூச்சு. “நல்லா.” இரண்டு மூச்சு. “இருக்கேன்.”

குசினியில் அவளுடைய முகம் இல்லை. குரல் மட்டுந்தான் இருந்தது. அந்தக் குரலில் யாரும் சிரிக்கவில்லை.

பதிவை அனுப்பவில்லை. பிள்ளையைத் தூக்கினேன். சட்டையை உயர்த்திப் பார்த்தபோது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போனது. கழுத்துக்குக் கீழே இருக்கும் குழியில் ஒரு விரல் வைக்கலாம்போலப் பள்ளம் விழுந்தது. இதெல்லாம் காலையிலிருந்தே அந்தச் சட்டைக்குள் நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

பாரூக் நானா எங்களைக் கண்டதும் வாயைத் திறந்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். “ஏறுங்க” என்று மட்டும் சொன்னார். மாத்தளை டவுன்வரை ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் வாழ்க்கையில் பேசாமல் இருந்த மிக நீண்ட நேரம் அந்தப் பத்து நிமிடம்.

ஆஸ்பத்திரியில் எங்களை வரிசையில் நிற்க விடவில்லை. விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள் (இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி). நம்பரைப் பார்த்த தாதி நடையை விட்டு ஓட ஆரம்பித்தார். ஒட்சிசன், அதோடு நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாகக் கொடுப்பது), கையில் கனியூலா (ஊசி மருந்துக்காக இரத்த நாளத்தில் செருகிவைக்கும் மெல்லிய குழாய்). நான் ஒரு மூலையில் தர்ஷியின் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பார்த்தால் ஒரு கால் செருப்புத்தான் இருந்தது.

இளம் வயது டொக்டர் அம்மா ஒருவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சிங்களத்தில் அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

“எப்ப இருந்து விசில் கேக்கல?”

“மூணு மணி இருக்கும் டொக்டர். நல்லாயிருச்சுன்னு நினைச்சேன்.”

“விசில் கேட்டா, ஒடுங்கின பாதையில காத்து போய் வருதுன்னு அர்த்தம். பிள்ளை சுகமாகிப் பேசி விளையாடி, விசிலும் நின்னா நல்லது. பிள்ளை கஷ்டப்படும்போது விசில் நின்னா, சத்தம் போடுற அளவுக்குக்கூட காத்துப் போகலன்னு அர்த்தம்.”

அதற்குப் பெயர் மௌன நெஞ்சு என்றார் (காற்றோட்டம் மிகக் குறைந்து, மூச்சுச் சத்தமே கேட்காத ஆபத்தான நிலை). இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் அவர் திரும்பக் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, “இப்ப விசில் வருது. நல்லது” என்றார். என் மகளின் இழுப்புச் சத்தத்துக்காக அன்றைக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

பிள்ளைகள் வாட்டில் ராத்தங்குவது அம்மாமார்தான். என் நிலைமையைச் சொன்னதும் கதவுக்கு வெளியே உட்கார ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். கதவு திறக்கும் போதெல்லாம் தர்ஷி படுத்திருந்த மூன்றாவது கட்டில் தெரியும். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் தர்ஷிக்கும் சேர்த்துப் போர்வை இழுத்துவிட்டாள். எனக்குத் தெரிந்த பகிடி ஒன்றும் அந்தக் கதிரையில் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் கேட்க ஆள் இல்லை.

மறுநாள் காலையில் உள்ளே விட்டார்கள். தர்ஷி பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நேத்து முடியாமத்தானே இருந்துச்சு. அப்பா பகிடி விட்டப்ப ஏன் சிரிச்ச?”

“நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க.”

“பாத்தா?”

“சிரிச்சா நீங்க பயப்பட மாட்டீங்கல்ல” என்றாள். பாண் துண்டு தேத்தண்ணிக்குள் விழுந்துவிட்டது. விரலை விட்டுத் தேடினாள்.

ஆறு வயதுப் பிள்ளை. நான் அவளைப் பரிசோதிப்பதாக நினைத்த இரண்டு வருடமும், அவள் எனக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சாந்தியிடம் அன்றே சொன்னேன். குரல் பதிவை அனுப்பாமல் வைத்ததையும் சொன்னேன், ஆனால் எல்லாவற்றையும் கொஞ்சம் குறைத்துத்தான். குறைத்ததை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“அனுப்பாம வச்சிருக்கீங்களே, அந்த வொய்ஸ அனுப்புங்க.”

“வேணாம் சாந்தி. அங்க தனியா இருந்து கேக்காத.”

“இங்க எப்பவும் தனியாத்தான் இருக்கேன். அனுப்புங்க. நான் கேட்டு வச்சாத்தான் அடுத்த தடவ எனக்கும் தெரியும்.”

அனுப்பினேன். கேட்டாள் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பிறகு எழுதியிருந்தாள்: இனி எனக்குக் கதை சொல்ல வேணாம், பிள்ளைய ஒரு வசனம் முழுசாப் பேசச் சொல்லி அனுப்புங்க.

வீட்டுக்கு வரும்போது டொக்டர் அம்மா இரண்டு வேலை தந்தார். ஒன்று, தோட்டத்திலிருந்து வந்ததும் மிளகும் கராம்பும் மணக்கும் உடுப்பை மாற்றிக் குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். மற்றது, அவள் தூங்கும்போது வயிற்றில் கை வைத்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும், முப்பதைத் தாண்டினால் கூட்டிவர வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கலாமா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். முழு நிமிடம் என்று ஒத்துக்கொண்டேன்.

டொக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதைப் பிந்தித்தான் கேட்டேன். பம்ப் கொடுத்தும் குறையாவிட்டால், பேச்சு துண்டு துண்டாக வந்தால், விலா உள்ளே இழுத்தால், உதடு நிறம் மாறினால், பிள்ளை சோர்ந்து அமைதியாகிவிட்டால், யோசிக்காமல் போய்விடுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள். முகம் உங்களுக்காக நடிக்கும். சட்டையை உயர்த்திப் பாருங்கள்.

போன மாதம் ஒரு காலை, பேச்சு கொஞ்சம் உடைகிறமாதிரி எனக்குத் தோன்றியது. போனோம். ஒன்றுமில்லை, சளிதான் என்று திருப்பி அனுப்பினார்கள். வரும் வழியில் பாரூக் நானா, “நல்லது தம்பி, ஒண்ணுமில்லன்னு கேக்கத்தானே போறது” என்றார்.

இப்போது மனிதர்களைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. சுற்றுலாக்காரர்கள் வந்து இறங்கினால் முதலில் கழுத்துக் குழியைத்தான் பார்க்கிறேன். மேட்டில் ஏறும்போது யாருக்குப் பேச்சு உடைகிறது என்று காது தன்பாட்டில் எண்ணுகிறது. போன வாரம் ஒரு ஜெர்மன்கார ஐயாவைப் பாதி வழியில் உட்கார வைத்துவிட்டேன். அவருக்கு ஒன்றுமில்லை, சுருட்டு பற்றவைக்க நின்றிருக்கிறார்.

நிமிடமும் பழைய அளவில் இல்லை. கையை அவள் வயிற்றில் வைத்தால், அது ஏறும்வரை என் மூச்சு நிற்கிறது. இறங்கினால்தான் எனக்கும் இறங்குகிறது. அந்த ஒரு நிமிடத்துக்குள் தம்புள்ளை பஸ் ரோட்டில் வந்து, நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. நான் இன்னும் பதினாலில் இருக்கிறேன்.

நேற்று இருபத்திரண்டு. கையை எடுக்காமல் இன்னொரு நிமிடம் எண்ணினேன். அப்போதும் இருபத்திரண்டுதான்.